வெந்துவிட்டதா? திரையில் படிப்பதும் தாளில் படிப்பதும்

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் சோபாவின் ஓரத்தில் காலை மடக்கிக்கொண்டு ஃபோனில் அறிவியல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டதாம். பாடநூலின் பிடிஎஃப் கையில் இருந்தது. கட்டை விரல் பக்கங்களை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்து ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "படிச்சாச்சு அத்தை" என்றாள்.

ரத்த ஓட்டம் பற்றிய பாடம். சும்மா ஒரு கேள்வி போட்டேன்: "நுரையீரல் தமனியில ஓடுறது எந்த ரத்தம்?"

"தமனின்னாலே ஆக்ஸிஜன் இருக்கிற ரத்தம்தான்."

யோசிக்கக்கூட இல்லை, சட்டென்று வந்தது பதில். ஆனால் நுரையீரல் தமனி அந்த விதிக்கு விலக்கு. ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தை இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் கொண்டுபோவது அதுதான். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு நான் அதோடு விட்டுவிட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டதாக நிஜமாகவே நம்பினாள்.

அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "ஃபோன்ல படிச்சா எங்க மண்டையில ஏறும்?" அண்ணனுக்கு வேறு கட்சி: "எல்லாம் பழக்கம்தான். இவங்க தலைமுறைக்குத் தாளும் திரையும் ஒண்ணுதான்." இந்த இரண்டு வசனத்தையும் எல்லா வீட்டிலும் கேட்கலாம். இரண்டுமே முழுசாகச் சரியில்லை. இந்த விஷயத்தை இருபது, முப்பது வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் தேறியது இந்த இரண்டையும் விடச் சுவாரசியமானது.

முதலில் கண்ணை விட்டுவிடுவோம்

திரை என்றதும் எல்லோரும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கண் கெட்டுவிடும், நீல ஒளி, அதனால்தான் மனதில் பதிவதில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இதில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ஒன்று, எழுத்தின் தெளிவு. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கூல்டும் அவர் குழுவினரும், அன்றைய கனத்த டப்பாத் திரைகளில் படிப்பது தாளில் படிப்பதைவிட 20 முதல் 30 சதவீதம் மெதுவாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு வெளிர்நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்து, வழவழப்பான விளிம்பு, கூடுதல் துல்லியம் என்று திரையைத் திருத்தினார்கள். 1987-இல் அந்த வித்தியாசம் காணாமல் போனது. இன்று உங்கள் பையில் இருக்கும் ஃபோனின் எழுத்து அதைவிடப் பல மடங்கு கூர்மையானது. ஆக, எழுத்து சரியாகத் தெரியவில்லை என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை.

இரண்டு, கண் களைப்பு. எதையாவது உற்றுப் படிக்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. அது தாளிலும் நடக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த பார்வை ஆய்வாளர்கள் ஒரே பகுதியைத் திரையிலும் தாளிலும் படிக்க வைத்து எண்ணிப் பார்த்தார்கள். இமைத்த எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் திரையில் படித்தபோது முழுதாக மூடாத அரைகுறை இமைப்புகள் அதிகம். கண் வறள அது போதும். சரி, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி? கண் களைப்புக்கு அது சாதாரணக் கண்ணாடியைவிட மேலாக இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை சொல்கிறது; மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது அது. கடையில் அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம்.

மூன்று, தூக்கம். படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்த நாள்களைவிடத் தூங்குவதற்குப் பத்து நிமிடம் போல அதிகம் எடுத்துக்கொண்டார்கள் என்று 2015-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கலந்துகொண்டவர்கள் வெறும் 12 பேர். விளைவு உண்மையாக இருக்கலாம், ஆனால் அது புரிதலைப் பற்றியது அல்ல.

சுருக்கமாக: கண் களைப்பும் தூக்கமும் தனிக்கதை. படித்தது புரிகிறதா, நிற்கிறதா என்ற கேள்விக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது.

வித்தியாசம் எவ்வளவு?

ஒரே கேள்வியைப் பலர் தனித்தனியாக ஆராய்ந்திருக்கும்போது, எல்லா முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் பார்ப்பதற்குத் தொகுப்பாய்வு என்று பெயர். ஒரு கடைக்காரரின் தராசை மட்டும் நம்பாமல், ஊரில் உள்ள எல்லாத் தராசிலும் அதே மூட்டையை நிறுத்துச் சராசரி எடுப்பதைப் போல.

ஸ்பெயினின் வாலன்சியாவையும் இஸ்ரேலையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகள், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள். முடிவு தாளின் பக்கம் சாய்ந்தது, ஆனால் கொஞ்சம்தான். எவ்வளவு கொஞ்சம்? இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால், திரையில் படித்த 100 பேரில் 50 பேர், தாளில் படித்தவர்களின் சராசரிக்குக் கீழே இருப்பார்கள். அவர்கள் கண்ட அளவைக் கொண்டு கணக்கிட்டால் 58 பேர் போல வருகிறார்கள். ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு மாநிலமே தேர்வு எழுதும்போது தெரியும்.

அண்ணி சொன்னதற்கு இது பாதி ஆதரவு. "மண்டையில் ஏறாது" என்பது மிகை. கொஞ்சம் குறைவாக ஏறுகிறது.

இதே ஆய்வில் இன்னும் சில விஷயங்கள் வந்தன. கதை படிக்கும்போது தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாடம், கட்டுரை, தகவல் நிறைந்த எழுத்து என்றால்தான் தெரிந்தது. அண்ணன் கட்சிக்கு விழுந்த அடி அடுத்தது: அந்தப் பதினேழு ஆண்டுகளில் இந்த இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது. திரையோடு பிறந்தவர்கள் வளர வளர அது தானாகச் சுருங்கிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நேர்மாறாக நடந்திருக்கிறது. பழகப் பழகச் சரியாகும் என்பது சைக்கிளுக்குப் பொருந்தும். இங்கே எதைப் பழகுகிறோம் என்பதுதான் கேள்வி.

பானையும் பதமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு ஆக்குகிறவர் கரண்டியில் நாலு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார். நடுவில் வெள்ளையாக அரிசி தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். தெரியவில்லையென்றால் வடித்துவிடலாம். சமையலின் பாதித் திறமை இந்தப் பதம் பார்ப்பதில் இருக்கிறது. அரிசியும் தண்ணீரும் தீயும் சரியாக இருந்தாலும், வேகும் முன்பே அடுப்பை அணைத்தால் சோறு நறுக்கரிசிதான்.

படிப்பிலும் உள்ளுக்குள் இப்படி ஒருவர் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறார். இந்தப் பத்தி புரிந்ததா, திரும்பப் படிக்க வேண்டுமா, போதுமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. நமது அறிதலை நாமே கண்காணிக்கும் இந்தச் செயலுக்கு மீயறிதல் என்று பெயர். பெயர் பெரிசாக இருக்கிறதே தவிர, "ஒரு நிமிஷம், இது என்ன சொல்லுது?" என்று நீங்கள் பாதி வழியில் நின்று மேலே பார்க்கிறீர்களே, அதுதான்.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ரகெஃபெட் ஆக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே அழகாகப் பொருந்துகிறது. கல்லூரி மாணவர்கள் சில பக்கக் கட்டுரைகளைப் படித்தார்கள், சிலர் திரையில், சிலர் தாளில். தேர்வுக்கு முன், எவ்வளவு மதிப்பெண் வரும் என்று அவர்களே கணித்துச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். மதிப்பெண்ணில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமம்! அடுத்த சுற்றில், போதும் என்று தோன்றும்வரை படித்துக்கொள்ளலாம், எப்போது நிறுத்துவது என்பது அவரவர் விருப்பம். இப்போது திரைக்காரர்கள் பின்தங்கினார்கள். அதோடு, தங்களுக்கு வரப்போகும் மதிப்பெண்ணைத் தாள்காரர்களைவிட மிகையாகக் கணித்தார்கள்.

முதல் சுற்றின் முடிவைக் கவனியுங்கள். திரை அறிவைத் தடுக்கவில்லை. ஒரே பானை, ஒரே தீ. அணைக்கும் நேரத்தை நாமே தீர்மானிக்கும்போதுதான் கோளாறு. பருக்கையை நசுக்கிப் பார்க்காமல், நுரை பொங்குவதைப் பார்த்ததும் வெந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுகிறோம். அண்ணன் மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்த அந்த நொடி அதுதான்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 90 மாணவர்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையிலும் இதே வாடை. பெரும்பாலோர் தமக்குத் திரைதான் வசதி, அதில்தான் நன்றாகப் புரிந்தது என்றார்கள். கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்வதில் வித்தியாசம் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் முக்கியக் குறிப்புகளைச் சொல்வதில் தாள் முந்தியது. "ரத்த ஓட்டம் பற்றிய பாடம்" என்பது எதில் படித்தாலும் தெரியும், நுரையீரல் தமனி மட்டும் தப்பிவிடும்.

கூர்ந்து படிப்பவருக்கு இங்கே ஒரு முரண் இடிக்கும். 2011 சோதனையில் நேரம் கட்டுப்படுத்தப்பட்டபோது வித்தியாசம் இல்லை. 2018 தொகுப்பாய்விலோ, நேர நெருக்கடி இருந்த ஆய்வுகளில்தான் தாளின் முன்னிலை அதிகமாக இருந்தது. ஆமாம், இரண்டும் ஒன்றோடொன்று முழுசாக ஒட்டவில்லை. எந்த அளவு நெருக்கடி, எந்த வகைப் பாடம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஒற்றை ஆய்வைத் தூக்கிக்கொண்டு "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறவர்களிடம் எனக்கு இதனால்தான் எரிச்சல். ஆனால் திரையில் படிப்பவர் தன் புரிதலைக் கூடுதலாக மதிப்பிடுகிறார் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

ஏன் அப்படி? பரவலாக ஏற்கப்படும் விளக்கம் பழக்கம்தான். நாள் முழுக்கத் திரையில் நாம் செய்வது மேய்ச்சல்: செய்தித் தலைப்பு, குறுஞ்செய்தி, யாரோ போட்ட சண்டை, அப்புறம் ஓடிபி. எதிலும் நின்று யோசிக்கத் தேவையில்லை. அதே கண்ணாடியில் ரத்த ஓட்டப் பாடம் வந்தாலும் விரல் மேய்ச்சல் வேகத்திலேயே போகிறது. அண்ணன் சொன்னது போல எல்லாம் பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம் இழுக்கும் திசை வேறு.

இதுவரை: வித்தியாசம் சிறியது, தகவல் நிறைந்த எழுத்தில்தான் தெரிகிறது, அதில் பெரும்பங்கு நம் பதம் பார்க்கும் திறனில் இருக்கிறது.

அந்த வரி எந்தப் பக்கத்தில் இருந்தது?

பதத்தைத் தவிர இன்னொரு சமாசாரமும் உண்டு. எனக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் தொழில். நடுவில் உள்ள திருத்தங்களையெல்லாம் கணினியில் பார்ப்பேன், கடைசி மெய்ப்பு மட்டும் தாளில். முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருந்தால், "இதை முன்னாடி வேற மாதிரி பார்த்தோமே, இடது பக்கம், மேலே, படத்துக்குக் கீழே" என்று மனம் சொல்லும். அந்த இடத்தைப் புரட்டினால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கணினியில் இந்த நினைவு எனக்கு வருவதே இல்லை. தேடல் பெட்டியில் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது என் கிறுக்கு இல்லை. ஒரு தகவலைப் படித்தவர்களுக்கு, அது பக்கத்தில் எங்கே இருந்தது என்பதும் கேட்காமலேயே ஓரளவு நினைவில் தங்குகிறது என்று ரோத்காஃப் என்ற உளவியலாளர் 1971-லேயே காட்டியிருக்கிறார். வழி சொல்வதைப் போலத்தான். "பிள்ளையார் கோயில் தாண்டி, இடப்பக்கம், பச்சைக் கதவு" என்று இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாம் வீட்டை நினைவில் வைக்கிறோம். புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிரந்தர முகவரி உண்டு. ஃபோனில் உருட்டிக்கொண்டே போகும்போது ஒரே வரி திரையின் அடியில் வந்து, நடுவுக்கு ஏறி, மேலே மறைந்துபோகிறது. தள்ளுவண்டிக் கடையை அடையாளமாக வைத்து வழி சொல்வதைப் போல.

உருட்டுவதற்கு இன்னொரு செலவும் உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போது முந்தைய வரிகளைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்து வைத்திருக்கும் நினைவுக்குச் செயல்நினைவு என்று பெயர். கடைக்குப் போகும் வழியில் "உளுந்து அரைக் கிலோ, சீரகம், தீப்பெட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே போவது அதில்தான். அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிக்கலான பாடத்தை உருட்டிப் படிக்கும்போது, செயல்நினைவு குறைவாக உள்ளவர்களே அதிகம் இடறுகிறார்கள் என்று 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டியபோது அவர்களுக்குப் பரவாயில்லை.

கையில் உணரும் கனமும் கணக்கில் வருகிறதா? நார்வேயின் அன்னே மாங்கனும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 28 பக்கத் துப்பறியும் கதை ஒன்றைச் சிலர் கிண்டில் என்ற மின்நூல் கருவியிலும் சிலர் அச்சிலும் படித்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். கதையில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்ற கேள்விகளில் மட்டும் அச்சில் படித்தவர்கள் மேல். இடக்கைப் பக்கம் தாள் தடித்துக்கொண்டே வர, வலக்கைப் பக்கம் மெலிந்துகொண்டே போவது ஒருவகைக் கடிகாரமாக வேலை செய்கிறது என்பது அவர்கள் ஊகம். எனக்கு நம்பத் தோன்றுகிறது.

கிண்டில் பற்றி ஒரு வார்த்தை. அதன் திரை விளக்கு மாதிரி ஒளிர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளுக்குள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. எது மேலே வருகிறதோ அந்த நிறம் தெரிகிறது, வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, தாளைப் போல. கண்ணுக்கு இதம், செய்தி வந்து குறுக்கிடுவதும் இல்லை. ஆனால் தடிமன் என்னவோ முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஒன்றுதான்.

அப்படியானால் ஃபோனைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

சுவீடன் அரசு 2023-இல் பள்ளிகளுக்கு மறுபடி அச்சுப் புத்தகங்களை வாங்கக் கோடிக் கணக்கில் பணம் ஒதுக்கியது. அங்கே அதற்கு வசதி இருக்கிறது. நம் பக்கத்தில் கணக்கு வேறு. மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. அந்தக் கோப்புகள் இல்லையென்றால், கடையில் கிடைக்காத எத்தனையோ நூல்களை நான் திரையிலும் படித்திருக்க மாட்டேன், தாளிலும் படித்திருக்க மாட்டேன். பார்வை மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தருவதும் திரைதான். புத்தகம் பள்ளியில் தங்கிவிட்ட பிள்ளைக்கு அந்த பிடிஎஃப்பை விட்டால் வேறு கதி என்ன?

கோளாறு பதத்தில் என்றால் வைத்தியமும் அங்கேதான். ஆக்கர்மனே இன்னொருவருடன் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது: படித்து முடித்த பிறகு, பாடத்தின் சாரத்தைச் சொல்லும் சில சொற்களை எழுதச் சொன்னபோது திரைக்கும் தாளுக்குமான இடைவெளி மறைந்தது. அவ்வளவுதான், நாலு பருக்கையை நசுக்கிப் பார்க்க வைத்தார்கள். உருட்டாமல் பக்கம் பக்கமாகப் பார்க்கும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொள்வதும், படிக்கும் நேரத்துக்கு அறிவிப்புகளை அமர்த்தி வைப்பதும் உதவும். கதை, செய்தி, ரயில் நேரம் இதற்கெல்லாம் எதுவும் வேண்டாம், இஷ்டம் போல் உருட்டுங்கள். தேர்வுப் பாடம், கடன் ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை என்றால் மட்டும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நடை போய் வருவதில் தப்பில்லை.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் மகளிடம் கிழித்த காலண்டர் தாள் ஒன்றையும் பேனாவையும் கொடுத்தேன். "ஃபோனைத் தொடாம, அந்தப் பாடத்துல முக்கியமான அஞ்சு சொல் எழுது பார்ப்போம்."

இதயம், வால்வு, தமனி, சிரை என்று மளமளவென்று எழுதினாள். ஐந்தாவதாக "நுரையீரல்" என்று எழுதி, பக்கத்தில் "தமனி" போட்டாள். அடித்தாள், "சிரை" என்றாள், அதையும் அடித்தாள். பேனா முனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் அத்தை" என்று ஃபோனை எடுத்தாள். இந்தத் தடவை கட்டை விரல் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றது.